ஓரகத்தி வீட்டு அலுமினியம்

கினுகோ-சானைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய ஓரகத்தி மசாயோவிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. இது அவர் காதுக்குப் போனால் அவர் தோட்டத்திலிருந்து என் வாசலுக்கு வரும் முள்ளங்கி நின்றுவிடும். ஆனாலும் வேறு வழியில்லை. மசாயோ இல்லாத கினுகோ-சானை எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியுமா என்பது சந்தேகம்தான்.

கினுகோ-சான் ஏரிக்கரைக்காரர். அப்பாவுக்குப் படகு இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஊர்ப் பெண்களோடு சின்ன மீன்களைச் சோயாச் சாற்றில் வேகவைத்துப் பெட்டியில் அடைக்கும் கூடத்துக்கு வேலைக்குப் போனவர். தோபிதா குடும்பத்து மூத்த மகன் எய்கிச்சியைக் கட்டிக்கொண்டு இந்தக் காமினுமா கிராமத்துக்கு வந்தார். அடுத்த வருடமே எய்கிச்சியின் தம்பி கட்சுஜிக்கு மனைவியாக மசாயோ வந்துவிட்டார். "ஒரு வருஷம்தான் நான் நிம்மதியா இருந்தேன்" என்று கினுகோ-சான் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், விளையாட்டாகச் சொல்வது போல.

மாமனார் சொத்தைப் பிரித்தபோது அண்ணனுக்கு வீடும் வடக்குச் சரிவும் கிடைத்தன. தம்பிக்குத் தெற்குச் சரிவு. இரண்டிலும் கஷ்கொட்டை மரங்கள்தான். வீடு கிடைத்ததால் அண்ணன் பங்கே பெரிது என்று ஊர் பேசியது. வெயிலும் ஒரு விளைச்சலாகும் என்று அப்போது யார் கண்டார்கள்? மரங்கள் போய்ச் சூரியத் தகடுகள் வந்த பிறகு தெற்குச் சரிவு நாளெல்லாம் மினுமினுத்தது. வடக்குச் சரிவு மதியத்துக்கு மேல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டு கம்பெனிகள் இரண்டு சரிவுகளையும் குத்தகைக்கு எடுத்தன. இரண்டும் நிலத்துக்காரர் மனைவியையே காவலுக்கு வைத்துக்கொண்டன. காலையும் மாலையும் வேலியைச் சுற்றி வர வேண்டும், புல் வெட்ட வேண்டும், ஏதாவது தப்பாகத் தெரிந்தால் போன் செய்ய வேண்டும். அண்ணனும் தம்பியும் என்னவோ ஒரே படகில் ஏறி ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்விடுவார்கள். அவர்களுக்குள் ஒரு சண்டையும் கிடையாது.

என் வாடகை வீடு இரண்டு சரிவுகளுக்கும் நடுவில் இருக்கிறது. ஓரகத்திகள் இருவரும் என்னிடம்தான் புலம்புவார்கள். வெளியூர்க்காரியிடம், அதுவும் வெளிநாட்டுக்காரியிடம் சொன்னால் அது ஊருக்குள் போகாது என்று ஒரு நம்பிக்கை. உண்மையில் போகாதுதான். பன்னிரண்டு வருடங்களாக இங்கே இருந்தும், நான் பேசிய பேச்சு எங்கே போய் எப்படி முடியுமோ என்ற பயம் என்னை இன்னும் விடவில்லை.

செம்பு விலை ஏறியதிலிருந்து இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் கேபிள் திருட்டு சாதாரணமாகிவிட்டது. கினுகோ-சானின் வடக்குச் சரிவில் இரண்டு முறை வேலியைக் கத்தரித்து, தகடுகளிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் கேபிளை அறுத்து இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு முறையும் போலீஸ் வண்டி முதலில் என் வாசலில்தான் நின்றது. மரியாதையாகத்தான் கேட்டார்கள். இப்போதெல்லாம் என் குடியிருப்பு அட்டையைச் செருப்பு அலமாரி மேலேயே வைத்திருக்கிறேன், தேட நேரமாகக் கூடாதே.

தெற்குச் சரிவுக்கு மட்டும் திருடன் வரவில்லை. அதுதான் கினுகோ-சானைத் தின்றது.

"திருடனுக்குக்கூட அவள்னா ஒரு மரியாத" என்பார்.

காரணம் கண்ணுக்கு எதிரே இருந்தது. மசாயோவின் கம்பெனி பணக்காரக் கம்பெனி. விரல் நுழையாத இரும்பு வலையில் வேலி, உள்ளே சுற்றிலும் காலை வைத்தால் நறநறவென்று கத்தும் சரளைக்கல், கேபிள் இறங்கும் குழிகளுக்கு மேல் சிமெண்ட். போதாததற்குப் பேசும் கேமரா. யாராவது வேலிக்கருகில் வந்தால் ஒரு பெண்குரல், "தங்களைப் படம்பிடித்துக்கொண்டிருக்கிறோம், தயவுசெய்து விலகிச் செல்லுங்கள்" என்று தேன் ஒழுகச் சொல்லும்.

கினுகோ-சான் வீட்டுக்குப் போகும் குறுக்குவழி அந்த வேலியை ஒட்டித்தான். தினமும் அந்தக் குரல் அவரை விலகச் சொல்லும்.

"முப்பது வருஷம் அவ மனசுல வெச்சிருந்தத இப்போ மைக் வெச்சுச் சொல்றா" என்று என் சமையலறையில் உட்கார்ந்து தேநீரை ஊதினார்.

"அது இயந்திரம், கினுகோ-சான்."

"இயந்திரத்துக்கு அவ சாயல் எப்படி வந்துச்சு?"

வடக்குச் சரிவில் இருந்தது மெல்லிய பச்சைக் கம்பிவலை, சுற்றுகிற சிவப்பு விளக்கு, ஒரு சைரன், பிறகு ஒரு கேமரா. கேமராவுக்குள் ஒன்றுமே கிடையாது, வெறும் கூடு. இது கினுகோ-சானுக்கும் தெரியும். ஆனாலும் வாரம் ஒருமுறை ஏணி போட்டு ஏறி அதன் கண்ணாடியைத் துடைப்பார். மசாயோ பார்க்கும் நேரமாகப் பார்த்துத் துடைப்பார்.

இரண்டாவது திருட்டுக்குப் பிறகு கம்பெனியிலிருந்து இசொசாகி என்ற இளைஞர் வந்தார். நெற்றி முழங்காலைத் தொடுமளவு குனிந்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மேலிடம் ஒத்துக்காதும்மா. பக்கத்துப் பண்ணையைப் பாத்துக்கிறவங்களே இதையும் சேத்துப் பாத்துக்கட்டும்னு ஒரு யோசனை இருக்கு."

கினுகோ-சான் அன்று எதுவும் சாப்பிடவில்லை. வேலை போவது ஒரு பக்கம். ஆனால் அது யார் கைக்குப் போகிறது? தன் சரிவில், தன் வேலிக்குள், தன் கதவுச் சாவியோடு மசாயோ நடந்து வருவதை அவர் அன்றிலிருந்து தினமும் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் அதை விவரித்தபோது மசாயோ போட்டிருக்கும் தொப்பியின் நிறத்தைக்கூடச் சொன்னார்.

இந்த நிலையில்தான் வசந்தத்தில் தெற்குச் சரிவில் ஒரு வேலை நடந்தது. செம்புக் கேபிளை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டார்கள். அலுமினியத்தைத் திருடி விற்றால் கூலிக்குக்கூடத் தேறாது. ஆட்கள் முந்தின நாளே அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வந்து, சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டு, காகிதம் சுற்றிய கைத்துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கும் ஒன்று, கினுகோ-சானுக்கும் ஒன்று. மறுநாள் காலை வரிசையாக நின்று உடற்பயிற்சி செய்துவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். முடிந்ததும் வேலியில் பெரிய பலகை தொங்கியது: இங்குள்ள கேபிள் அலுமினியம், செம்பு இல்லை.

"பாரு, பலகையில போட்டு ஊருக்கே சொல்றா" என்றார் கினுகோ-சான். அந்தத் துண்டை அவர் உபயோகிக்கவே இல்லை. காகிதத்தோடு சாமான் அறையில் வைத்துவிட்டார்.

இசொசாகிக்கு அடிக்கடி போன் போனது. "நமக்கு எப்போ அலுமினியம்?" "பரிசீலனைல இருக்கும்மா." மறுபடி, "எப்போ?" "பரிசீலனைல இருக்கும்மா."

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் காலை, நெல் அறுத்து முடிந்த வயல்களுக்கு நடுவிலிருந்த ஒற்றை வண்டிப்பாதையில் கிரேன் வைத்த வெள்ளை லாரி ஒன்று வந்து வடக்குச் சரிவின் கதவுக்கு முன்னால் நின்றது. ஹெல்மெட் போட்ட நான்கு பேர் இறங்கினார்கள். சிவப்புக் கூம்புகளை வரிசையாக வைத்தார்கள். குனிந்து மன்னிப்புக் கேட்கும் தொழிலாளியின் படம் போட்ட பலகையைச் சாய்த்து நிறுத்தினார்கள்.

கினுகோ-சான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தார். கைகளைத் துடைக்காமலே ஓடினார்.

"தாமதமாயிருச்சும்மா, மன்னிக்கணும்" என்றார் அவர்களில் மூத்தவர். "பழைய கேபிளை உருவிட்டு அலுமினியம் போடணும். இன்னிக்கு உருவுறோம், நாளைக்குப் புதுசு வரும்."

"வந்துட்டீங்களா! வந்துட்டீங்களா!" ஏப்ரன் பையிலிருந்து சாவியை எடுத்துத் தானே கதவைத் திறந்தார். சைரன் அலறி அவர்களைப் பயமுறுத்திவிடக் கூடாது என்று அதையும் தானே அணைத்தார். கம்பெனிக்குப் போன் செய்து கேட்கலாம் என்று ஒரு கணம்கூட அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியது எல்லாம் ஒன்றுதான்: மசாயோ எந்த நிமிஷமும் இந்தப் பக்கம் வருவாள், வந்து பார்க்க வேண்டும்.

பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் வேலைக்காரர்களுக்குத் தேநீர் கொடுப்பது இங்கே வழக்கம். கினுகோ-சான் விருந்தாளிக் கோப்பைகளை இறக்கினார். கஷ்கொட்டைச் சாதத்தை உருண்டை பிடித்தார். தட்டை ஏந்திக்கொண்டு நேர்வழியில் போகாமல் மசாயோவின் ஜன்னல் தெரியும் வழியாகச் சுற்றிப் போனார்.

மசாயோ தன் சின்ன டிரக்கில் அந்த வழியாக முதல் தடவை போனார். திரும்பி வந்தார். மூன்றாவது தடவை, மதியம் இரண்டரை மணிவாக்கில், நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"என்னக்கா, வேலை நடக்குதா?"

"ஏன், உனக்குக் கண்ணு தெரியலையா? அலுமினியம்."

"ஓஹோ. எங்க வீட்டுக்கு யாரும் சொல்ல வரலையே."

"உங்க வீட்டுக்கு எதுக்கு வரணும்? வேலை எங்க பக்கம்."

"எங்க வேலை நடந்தப்போ உங்களுக்குத் துண்டு குடுத்தாங்கல்ல?"

"துண்டுக்காகவா வண்டிய நிறுத்தின? உள்ள வா, என் துண்ட எடுத்துட்டுப் போ. பிரிக்கவேயில்ல."

மசாயோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"உங்களுக்கு வந்து சொன்னாங்களா, மைதி-சான்?"

"இல்லையே."

"பாத்தீங்களா! அக்காதான் சொல்லியிருப்பாங்க, மசாயோ வீட்டுக்குப் போகாதீங்கன்னு. நேத்து வந்திருக்கணும். குனிஞ்சு ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கணும். காலைல உடற்பயிற்சிகூடப் பண்ணல, நான் ஜன்னல்லேர்ந்து பாத்துட்டேதான் இருந்தேன். என்ன கம்பெனி இது? இப்பவே கேக்கறேன்."

பண்ணை வேலியில் கம்பெனியின் போன் எண் எழுதியிருக்கும். மசாயோ அதை வரும் வழியிலேயே பார்த்துக்கொண்டு வந்திருந்தார். என் மேஜையிலேயே உட்கார்ந்து எண்களை அழுத்தினார். எதிர்முனையில் இசொசாகி கிடைத்ததும் பிடித்துக்கொண்டார். உங்க ஆளுங்களுக்கு மரியாதை தெரியாதா, பக்கத்து நிலத்துக்காரங்க மனுஷங்க இல்லையா, காலைலேர்ந்து கிரேன் ஓடுது, யாரும் தலையக்கூடக் குனியல.

பிறகு எதிர்முனை பேசத் தொடங்கியது. மசாயோ கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தின் சிவப்பு மெல்ல இறங்கியது.

"இன்னிக்கு யாரையுமே அனுப்பலையாம்" என்றார், போனைக் கையால் மூடிக்கொண்டு.

போலீசுக்கு இசொசாகி சொல்லிவிடுவதாகச் சொன்னார். பக்கத்தில் போகாதீர்கள் என்றும் சொன்னார். மசாயோ டிரக்கின் சாவியை எடுத்தார்.

"மசாயோ-சான், போக வேண்டாம்னு அவர் சொன்னாரே."

"அவங்க வண்டிய எடுத்துட்டாங்கன்னா? அந்த ஒரே வழிதான். நீங்க வர வேண்டாம்."

வர வேண்டாம் என்று சொன்ன பிறகு வீட்டுக்குள் இருக்க என்னால் முடியவில்லை. அதே சமயம் திருட்டு லாரி, போலீஸ், நான் என்று மூன்றும் ஒரே இடத்தில் நிற்கவும் கூடாது. அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு பாதையோர வேலிச் செடிகளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

மசாயோ தன் டிரக்கை வண்டிப்பாதையின் வாயில் குறுக்காக நிறுத்தினார். அந்த நேரத்துக்கு லாரியில் கேபிள் முழுக்க ஏறிவிட்டது. நால்வரும் வந்து டிரக்குக்கு முன்னால் நின்றார்கள். மூத்தவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்தார்.

"கொஞ்சம் நகத்த முடியுமாம்மா?"

"ஸ்டார்ட் ஆகலையே. மன்னிக்கணும்."

அந்தச் சமயத்தில் கினுகோ-சான் மூன்று மணித் தேநீரோடு வந்தார். தட்டில் கோப்பைகள், ஆவி பறக்கும் சர்க்கரைவள்ளி. குறுக்கே நிற்கும் டிரக்கைப் பார்த்தார், மசாயோவைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர் நினைத்தார்.

"வண்டிய எடு, மசாயோ."

"ஸ்டார்ட் ஆகலக்கா."

"காலைலேர்ந்து மூணு தடவ என்னை வேவு பாக்க வந்தப்போ ஸ்டார்ட் ஆச்சு. இப்போ ஆகலையா?"

"வண்டிக்கு வயசாயிருச்சு."

"வண்டிக்கா வயசு? உன் வயித்தெரிச்சலுக்கு வயசாயிருச்சு. எனக்கு ஒரு நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காது."

"பரவாயில்லம்மா" என்று மூத்தவர் குறுக்கிட்டார். "நாங்க தள்ளி விட்டுடறோம்." இரண்டு பேர் டிரக்கின் பின்புறம் கை வைத்தார்கள்.

"தொடாதீங்க!" மசாயோ இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். நான் நின்ற இடத்திலிருந்து அவர் முகம் தெரிந்தது. பயந்திருந்தார். பாதையின் கோடியைப் பார்த்தார், யாரும் வரவில்லை. பிறகு கினுகோ-சான் பக்கம் திரும்பி, வேண்டுமென்றே, குரலை உயர்த்தினார்.

"அக்கா, தெற்குச் சரிவ நாங்க ஏமாத்தி வாங்கினோம்னு ஊரெல்லாம் சொன்னது யாரு?"

கினுகோ-சான் தட்டை டிரக்கின் முன்பக்கத்தில் வைத்தார்.

"நான்தான். இப்பவும் சொல்றேன். மாமனார் படுத்த படுக்கையா கெடந்தப்போ தினம் தினம் விலாங்கு வறுத்துட்டு வந்து நின்னது யாரு?"

"பசிச்ச மனுஷனுக்கு மீன் குடுத்தா தப்பா? நீங்க வெறும் கஞ்சியில்ல ஊத்துனீங்க!"

"டாக்டர் கஞ்சிதான் சொன்னாரு!"

"டாக்டர் உப்பு வேணாம்னா சொன்னாரு?"

இந்த இடத்தில் மசாயோ எதற்காகச் சண்டையைத் தொடங்கினார் என்பதை அவரே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். டிரக்கிலிருந்து இறங்கிவிட்டார். விலாங்கிலிருந்து மாமனாரின் சாவுக்கு யார் முதல் வரிசையில் உட்கார்ந்தது என்பதற்குப் போனார்கள். அங்கிருந்து மசாயோ மகளின் கிமோனோ, அதைப் பார்த்துக் கினுகோ-சான் சிரித்த சிரிப்பு, சிரிக்கவில்லை, இருமினேன், இல்லை சிரித்தீர்கள். நான்கு பேரும் கையில் ஹெல்மெட்டோடு நின்றார்கள். இளையவன் ஒருவன் தட்டிலிருந்து சர்க்கரைவள்ளியை எடுத்துக் கடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா" என்றார் மூத்தவர், "எங்களுக்கு அடுத்த வேலை இருக்கு..."

"கொஞ்சம் இருங்க!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். அந்த அதட்டலுக்கு யாராக இருந்தாலும் நின்றிருப்பார்கள்.

போலீஸ் வண்டி திருப்பத்தில் தெரிந்தபோது இருவர் அறுத்த வயலில் இறங்கி ஓடினார்கள். மூத்தவரும் சர்க்கரைவள்ளிப் பையனும் ஓடவில்லை. கினுகோ-சானுக்கு அப்போதும் புரியவில்லை. "ஏன் ஓடறாங்க? தேநீர் ஆறுதே" என்றார்.

போலீஸ்காரர் விஷயத்தைச் சொன்னார். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பூட்டை உடைக்கலையே. யார் திறந்து விட்டாங்க?"

கினுகோ-சானின் கை தானாக ஏப்ரன் பைக்குப் போயிற்று. சாவி உள்ளே கிடந்தது. அவர் அதை வெளியே எடுக்கவில்லை. மசாயோ அவரைப் பார்க்காமல் கோப்பைகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கினார். போலீஸ்காரர் அன்று என்னிடம் அட்டையைக் கேட்கவில்லை. நான் பையில் கை வைத்தபடியே நின்றிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து இசொசாகி வந்தார். கினுகோ-சான் என்னைத் துணைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். எய்கிச்சி வழக்கம்போல ஏரியில். ஜன்னல் வழியாக இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இசொசாகியின் கார் எங்களைத் தாண்டிப் போய் மசாயோ வீட்டில் நின்றது. கார் எங்களைத் தாண்டிப் போய் மசாயோ வீட்டில் நின்றது.

"முதல்ல அங்க" என்றார் கினுகோ-சான்.

பிறகு மசாயோவையும் அழைத்துக்கொண்டே இசொசாகி வந்தார். கேபிள் முழுசாகக் கிடைத்துவிட்டது, எல்லாம் மசாயோ-சானின் போனால்தான், மேலிடம் ரொம்பவும் நன்றி சொல்லச் சொன்னது. ஆனால் கதவைத் திறந்துவிட்டவரிடமே சாவியை விட்டுவைக்க மேலிடம் சம்மதிக்கவில்லை. இதையெல்லாம் அவர் பாயைப் பார்த்தபடியே சொன்னார். பிறகு மசாயோ பக்கம் திரும்பி, வடக்குச் சரிவையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

"ஐயோ, எனக்கெல்லாம் அது முடியாதுங்க" என்றார் மசாயோ.

கினுகோ-சான் மசாயோவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தயவுசெய்து" என்றார் இசொசாகி.

"அப்படின்னா, முடிஞ்சத பாக்கறேன்."

சாவி கை மாறியது. அவர்கள் போனதும் கினுகோ-சான் கோப்பைகளை எடுத்து அடுக்கினார்.

"ஒரே ஒரு தடவதான் மறுத்தா" என்றார் கடைசியில். "எதுக்கும் மூணு தடவ மறுக்கணும். சும்மா பேச்சுக்காவது ரெண்டாவது தடவ மறுத்திருக்கலாம்ல? நான் திறந்துவிட்டேன், ஒத்துக்கறேன். என் தலையில அடிச்சுக்கறேன். திருடனுக்கு உருண்டை பிடிச்சுக் குடுத்தேன், அதையும் ஒத்துக்கறேன். ஆனா அவ போன் பண்ணது திருட்டுக்காகவா? துண்டுக்காக. அதுக்கு இனிப்பு!"

மறுநாள் காலை நான் முள்ளங்கிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கினுகோ-சான் சமையலறை ஜன்னலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கணவர் ஏரிக்கு எடுத்துப் போகும் தொலைநோக்கி கண்ணில் இருந்தது. வடக்குச் சரிவில் மசாயோ, தொப்பி போட்டுக்கொண்டு, வேலியோரமாக நடந்துகொண்டிருந்தார்.

கினுகோ-சான் தொலைநோக்கியை எடுக்காமலே மறு கையால் போனை அழுத்தினார்.

"மசாயோ, கீழ்மூலைக்கு நீ போகல."

போனின் ஒலிபெருக்கியில் மசாயோ மூச்சு வாங்குவது கேட்டது. "அங்க சேறா இருக்குக்கா."

"சேறாதான் இருக்கும். அங்கதான் வலைய வெட்டுவான், ரோட்டுலேர்ந்து தெரியாது. ரப்பர் பூட்ஸ் போட்டுட்டு வர்றதுக்கென்ன?"

"நீங்க பாத்துட்டேவா இருக்கீங்க?"

"எனக்கு வேற என்ன வேலை? இருந்தத நீதான எடுத்துட்ட. திரும்பிப் போ."

மசாயோ நின்றார். ஜன்னல் பக்கமாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு வலையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக வைத்து, சேற்றுக்குள் இறங்கினார்.

"வலையக் குலுக்கிப் பாரு" என்றார் கினுகோ-சான். "மேல இல்ல. கீழ, கீழ."